எழுத்தறிவுக் கல்வியில் பிஎச்.டி.: கைடுகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு கல்வியியல் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். ஆய்வேடு பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது புத்தகத்தைப் பற்றியல்ல, ஆட்களைப் பற்றித்தான். யாரிடம் சேரலாம், அவர் எப்படி, இடம் இருக்கிறதா, கோபக்காரரா. தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், எம்.எட். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிற பிள்ளைகள், பேத்திக்காக விசாரிக்க வருகிற ஐயாக்கள் என்று எல்லாரும் கேட்டதைக் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். விதி என்று நான் சொல்லும் இடமெல்லாம் 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறை. பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்குக் கூடுதலாகச் சில வைத்திருக்கும். அதை அந்தந்த ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தறிவுக் கல்வின்னு தனியா ஒரு பிஎச்.டி. இருக்கா? காரைக்குடியில படிக்க முடியுமா?

பட்டத்தில் 'கல்வியியல்' என்றுதான் இருக்கும். எழுத்தறிவு அதற்குள் நீங்கள் எடுத்துக்கொள்கிற ஆய்வுப் பகுதி. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவது, நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா கையெழுத்துப் போடப் பழகுவது, பாடப்புத்தகத்தின் மொழி, வாசிப்பில் திணறும் பிள்ளைகள், கட்டுரை எழுதச் சொல்லித்தரும் முறை எல்லாம் இதில் அடக்கம். வயது வந்தோர் கல்விக்கும் முறைசாராக் கல்விக்கும் நெட் என்கிற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தனிப் பாடமே உண்டு.

ஊரைப் பொறுத்தவரை நமக்குக் குறைவில்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947-ல் கலைக் கல்லூரி தொடங்கி, அடுத்தடுத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை கொண்டுவந்தார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. அங்கே கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு நடக்கிறது. தனியார் பி.எட். கல்லூரிகளோ, 2008-ல் சென்னையில் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆகவே ஒரே சாலையில் இருக்கிற இரண்டு கைடுகள் இரண்டு வேறு பல்கலைக்கழகத்தின் கைடுகளாக இருக்கலாம். விண்ணப்பம் போடுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இதுக்குப் பாடம் நடத்துறவங்க யாரு? தமிழ் வாத்தியாரா, எஜுகேஷன் வாத்தியாரா?

பெரும்பாலும் இரண்டும் கலந்தவர்கள். கல்வியியல் துறையில் வேலைக்கு வருகிறவர் ஏதாவதொரு பாடத்தில் முதுகலையும் முடித்திருப்பார், எம்.எட்.டும் முடித்திருப்பார். அந்த முதல் பாடம் எது என்று பாருங்கள். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து எம்.எட். வந்தவர் அளவீடு, புள்ளியியலில் கெட்டியாக இருப்பார். தமிழ் எம்.ஏ. வழியாக வந்தவர் மொழியின் உள்விவரத்தைச் சொல்வார். உளவியல் வழி வந்தவருக்கு நினைவாற்றல், கவனம், கற்றல் குறைபாடு எல்லாம் அத்துப்படி.

ஒருவரிடமே எல்லாம் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குத்தான் இணை நெறியாளர் (இரண்டாவது கைடு) ஏற்பாடு. அதே துறையிலிருந்தோ, வேறு துறையிலிருந்தோ, வேறு நிறுவனத்திலிருந்தோகூட அனுமதி பெற்று ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். வாசிப்புக் குறைபாடு பற்றி ஆய்வு என்றால் சிறப்புக் கல்வித் துறையில் ஒருவரை இணையாக வைத்துக்கொள்வது நல்லது. மொழியியல் பக்கம் போகிறவர்கள் மைசூரு இந்திய மொழிகள் மைய நிறுவனத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். 1969 முதல் அது இந்த வேலையில் இருக்கிறது.

பிஎச்.டி.க்கும் வகுப்பு உண்டா? கைடு மட்டும்தானே?

உண்டு. கோர்ஸ் வொர்க் என்பார்கள். குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியல், ஆய்வு வெளியீட்டு அறம், உங்கள் பகுதிக்குரிய தாள் என்று வரும். 55 சதவீதம் எடுத்தால்தான் மேலே போகலாம். இந்த வகுப்புகளைத் துறையின் பல ஆசிரியர்கள் பிரித்து எடுப்பார்கள். ஆகவே கைடு ஒருவர்தான் உங்கள் ஆசிரியர் என்று நினைக்க வேண்டாம். அதுபோக ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று இருக்கும் (நம் பக்கத்தில் இன்னும் 'டாக்டரல் கமிட்டி' என்றால்தான் பலருக்குப் புரியும்). ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன்னால் நின்று, செய்ததைச் சொல்ல வேண்டும்.

புரொஃபசர்கிட்டதான் சேரணுமா? அசிஸ்டென்ட் புரொஃபசர்னா மதிப்புக் குறைச்சலா?

பட்டத்தில் கைடின் பதவி அச்சாகாது. விதிப்படி மூன்று நிலையினரும் கைடாக இருக்கலாம், எல்லாருக்கும் பிஎச்.டி. கட்டாயம். பேராசிரியருக்கும் இணைப் பேராசிரியருக்கும் குறைந்தது 5 ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருக்க வேண்டும், உதவிப் பேராசிரியருக்கு 3. ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேரை வைத்துக்கொள்ளலாம். கௌரவமாக வந்துபோகும் பேராசிரியர்கள் இணை நெறியாளராக மட்டுமே இருக்க முடியும்.

என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். துறைத் தலைவர், தேர்வுக் குழு, நாக் தர மதிப்பீட்டு வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிற மூத்த பேராசிரியரிடம் எட்டாவது ஆளாகச் சேர்ந்தவர், மாதக்கணக்கில் வராந்தாவில் நிற்பார். நாலு பேர் மட்டும் வைத்திருக்கிற இளம் ஆசிரியரிடம் சேர்ந்தவர் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பென்சில் குறிப்போடு திரும்ப வாங்கிக்கொண்டு போவார். மூத்தவருக்கு வெளியில் நாலு பேரைத் தெரியும், சிக்கல் வந்தால் தீர்த்துவைப்பார் என்பதும் உண்மைதான். உங்களுக்கு எது தேவை என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அவர்கிட்ட இடம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நேர்ல போனா என்ன பேசுறது?

பதிவு செய்த ஆய்வாளர் பெயர், தலைப்பு, கைடு பெயர், பதிவு தேதி எல்லாம் பல்கலைக்கழக இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. அதை எடுத்து எண்ணிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பிறகு ஷோத்கங்காவுக்குப் போங்கள். நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை ஏற்றிவைக்கிற இணையக் களஞ்சியம் அது. கைடு பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேட்டில் இரண்டைப் படியுங்கள். நாலு ஆய்வேட்டுக்கும் ஒரே வினாநிரல், ஊர்ப் பெயர் மட்டும் வேறு என்றால் யோசியுங்கள்.

நேரில் போகும்போது ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். "சார், நீங்களே ஒரு டாபிக் கொடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "இரண்டாம் வகுப்பில் எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் பத்தியைப் படிக்க முடியாமல் நிற்கிறார்கள், அதைப் பார்க்க நினைக்கிறேன் சார்" என்றால், அந்த ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். உட்காராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒன்று மட்டும்: கைடு வாயால் 'சரி' என்று சொல்லிவிட்டால் சேர்ந்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு), அதோடு நுழைவுத் தேர்வோ நெட் மதிப்பெண்ணோ, நேர்காணல். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று யுஜிசி கொண்டுவந்திருக்கிறது.

பிஎச்.டி. கைடு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கணும்னு அவசியமா?

விதியில் இல்லை. ஆனால் எழுத்தறிவைப் பொறுத்தவரை, நான் முதலில் விசாரிக்கச் சொல்வது இதைத்தான். தொடக்கப்பள்ளியிலோ இரவுப் பள்ளியிலோ ஒரு வருஷமாவது நின்றவர், அல்லது ஆய்வுக்காகவாவது பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர், இந்தத் துறைக்கு வேறு மாதிரி வழிகாட்டுவார்.

ஒரு கைடு, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தன் மாணவியோடு போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் பத்தியைப் படிக்கிறான். 'கொக்கு' என்ற இடத்தில் 'கெ' என்று தொடங்கி, துணைக்காலைப் பார்த்ததும் நின்று, மறுபடி 'கெ... கா' என்றான். மாணவி தாளில் 'தவறு' என்று ஒரு கோடு போட்டார். கைடு கோட்டைக் காட்டி, "தவறுன்னு எழுதாதம்மா, என்ன படிச்சான்னு எழுது" என்றார். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது; ஒகரத்தில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. பையன் கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். அவன் 'கை'யிலும் இப்படி நிற்கிறானா, 'கே'யில் நிற்கிறானா என்று அடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த மாணவியின் ஆய்வேட்டில் பிழைகளின் வகைப் பட்டியல் ஓர் அத்தியாயமாகவே ஆனது.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. புத்தகத்தில் 'வந்தார்கள்' என்று இருக்கும். பிள்ளை 'வந்தாக' என்று படிக்கும். எழுத்தைப் பார்த்தால் பிழை, பொருளைப் பார்த்தால் முழுதும் புரிந்திருக்கிறது. அமெரிக்காவில் கென்னத் குட்மன் என்ற ஆய்வாளர் 1960-களிலேயே இந்த மாதிரி வாசிப்பு விலகல்களைப் பிழையென்று கூட்டாமல், பிள்ளை எப்படிப் பொருள் கொள்கிறது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். நிமிடத்துக்கு எத்தனை சொல் சரியாகப் படிக்கிறது என்று அளக்கிறவர்களோ அதைப் பிழைக் கணக்கில் சேர்ப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே ஆய்வேட்டில் பாதி அப்படி, பாதி இப்படி இருந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். இதை முதல் மாதத்திலேயே முடிவு செய்யச் சொல்கிற கைடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அறிவொளி இயக்கத்துல வேலை பார்த்தவங்க கைடா இருக்கலாமா? அவுகளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்?

தெரியும் என்பதில் சந்தேகமில்லை. 1991 வாக்கில் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி என்ற அந்த எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள், விவசாயக் கூலிகள் எல்லாரும் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தத் தொண்டர்கள் பாடம் நடத்திய அனுபவம் எந்த எம்.எட். பாடத்திலும் கிடைக்காது. ஆனால் பிஎச்.டி.யும் பல்கலைக்கழகம் ஏற்ற பதவியும் இல்லாதவர் கைடாக முடியாது. முன்னால் சொன்ன இணை நெறியாளர் வழிகூடப் பட்டம் இருக்கிறவர்களுக்குத்தான் எளிது.

தொண்டர்களாக இருந்தவர்களில் சிலர் பிறகு படித்து ஆசிரியர் பயிற்சிப் பக்கம் வந்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்றவர்களை உங்கள் ஆய்வுக்குத் தகவலாளராக வையுங்கள். காளையார்கோவிலில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனத்திலும் கேட்டுப் பாருங்கள். எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் 2022-ல் வந்த பிறகு, ஒன்று முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்களை அடுத்தடுத்துப் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். அந்தப் பயிற்சியை நடத்துகிறவர்களிடம் நடப்பு விவரம் இருக்கும்.

எல்லா கைடும் அமெரிக்கப் புத்தகத்தையே படிக்கச் சொல்றாங்க. ஃபோனிக்ஸ் எல்லாம் தமிழுக்குப் பொருந்துமா?

ஃபோனிக்ஸ் என்றால் எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிக்கச் சொல்லித்தரும் முறை. அப்படியே பொருந்தாது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல். அதனால் அங்கே ஒலி முதலா, முழுச் சொல் முதலா என்று பெரிய சண்டை. ஜீன் சால் 1967-ல் அந்தச் சண்டையைத் தொகுத்து எழுதினார், இன்றுவரை ஓயவில்லை. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. எழுத்தைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் படித்துவிடலாம். ஆனால் அத்தனையும் கைவர நாளாகும். கன்னடப் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் செய்த ஆய்வுகளும், அங்கே எழுத்துகள் முழுதும் பிடிபட ஆங்கிலத்தைவிடக் கூடுதல் காலம் ஆவதைத்தான் சொல்கின்றன.

தமிழுக்குரிய சிக்கல் வேறு. 'பல்' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் ஒரே பகரம், ஒலி வேறு. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. கைடு அமெரிக்கப் புத்தகம் கொடுத்தால் படியுங்கள், முறையைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலத்தில் செய்த சோதனைத் தாளை மொழிபெயர்த்து நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னால், அது எதை அளக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். ஆத்திசூடியிலிருந்து பழைய அரிச்சுவடிகள் வரை நம் ஆட்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வீட்டில் இருந்த சேகரிப்பு 1994 முதல் சென்னையில் நூலகமாக இருக்கிறது. புதுக்கோட்டை ஞானாலயா இன்னும் பக்கம், பஸ்ஸில் போய்விட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

அமெரிக்காவுல இதுக்குன்னே துறை இருக்காமே, அங்க கைடு எப்படி?

அங்கே பல பல்கலைக்கழகங்களில் எழுத்தறிவுக்கென்றே முனைவர் பட்டப் படிப்பு உண்டு. ஒரு தலைவரும் மூன்று, நான்கு பேராசிரியர்களும் சேர்ந்த குழுதான் வழிகாட்டும். வகுப்புப் படிப்பே பெரும்பாலும் இரண்டு வருஷம் போகும், அதன் பிறகு ஒரு விரிவான தகுதித் தேர்வு. பாடம் நடத்துகிறவர்களில் பலர் பள்ளி ஆசிரியராகவோ வாசிப்பு நிபுணராகவோ இருந்துவிட்டு வந்தவர்கள். பல இடங்களில் துறையோடு வாசிப்பு மருத்துவகம் மாதிரி ஒன்றை நடத்துவார்கள். ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள், ஆய்வாளர் சொல்லிக்கொடுப்பார், பேராசிரியர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். பள்ளி நிர்வாகத்துக்குப் போகிறவர்களுக்கு எட்.டி. என்று வேறு பட்டமும் உண்டு. நம்மிடம் குறைவது அந்த மருத்துவகம்தான். பல்கலைக்கழக வளாகத்தில் சனிக்கிழமை தோறும் ஓர் அறையைத் திறந்துவிட்டாலே போதும், பெரிய செலவில்லை.

தமிழ்லயே ஆய்வேடு எழுதலாமா? கைடு இங்கிலீஷ்ல எழுதுன்னு சொல்றாரு.

பல்கலைக்கழக விதியில் தமிழுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவின்போதே மொழியைக் குறிப்பிட வேண்டியிருக்கும். கைடு ஆங்கிலம் என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் தேர்வாளர்கள். வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் மதிப்பிட வேண்டும், முடிந்தால் ஒருவர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும். தமிழ் படிக்கிற வெளிநாட்டுத் தேர்வாளருக்கு எங்கே போவது என்பார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று இடம் இருக்கிறது. செட்டிநாட்டில் இருந்துகொண்டு கடல் கடந்து ஆள் தெரியாது என்று சொல்லலாமா?

தமிழ்வழிக் கல்விக்காக ஊர் ஊராகப் பேசிய வ.சுப. மாணிக்கம் மேலைச்சிவபுரிக்காரர், அழகப்பா கல்லூரியில் தமிழ் நடத்தியவர், பிறகு மதுரையில் துணைவேந்தராக இருந்தவர். பிள்ளைகள் தமிழ் படிப்பதைப் பற்றிய ஆய்வை அவர் தமிழ் நடத்திய காரைக்குடியில் தமிழில் எழுதக் கூச்சம் எதற்கு என்பது என் கட்சி. ஆனால் வெளிநாட்டு வேலையோ முதுமுனைவர் ஆய்வோ மனதில் இருந்தால் கைடு சொல்வதைக் கேளுங்கள். கட்டுரைகளையாவது ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

எங்க ஆச்சிக்கு ஸ்கூல் படிப்பு கிடையாது, ஆனா வட்டிக் கணக்கு, முறைச்சிட்டை எல்லாம் அவுகதான் பார்ப்பாக. இது ஆய்வாகுமா? எந்தக் கைடு ஒத்துக்குவாரு?

தாராளமாக ஆகும். எனக்குக் கேட்டவுடனே பிடித்த கேள்வி இது. பிரையன் ஸ்ட்ரீட் என்ற ஆய்வாளர் 1970-களில் ஈரானில் ஒரு கிராமத்தில் தங்கி, பழைய மதப் பள்ளியில் படித்தவர்கள் அந்த எழுத்தறிவைப் பழ வியாபாரக் கணக்குக்கு எப்படித் திருப்பிக்கொண்டார்கள் என்று எழுதினார். எழுதப் படிக்கத் தெரியுமா தெரியாதா என்ற ஒற்றைக் கேள்வியை விட்டுவிட்டு, எந்த எழுத்தை, யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கிற வழி அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஏதாவதொரு மொழியில் புரிந்து படிக்க, எழுதத் தெரிந்தால் எழுத்தறிவுள்ளவர். உங்கள் ஆச்சி எந்தக் கட்டத்தில் வருவார்?

நம் வீடுகளில் இதற்குச் சரக்கு கொட்டிக்கிடக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் கடைக்குப் போன பெட்டியடிப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் அல்ல, மேலாள் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடும் ஐந்தொகையும் கற்றார்கள். முந்திரி, காணி, மா என்று எண்சுவடியில் பின்னம் மனப்பாடம். கல்யாணத்தில் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு) எழுதுவது, மொய்ப்பண ஏடு, சீர் கொடுத்ததற்கு முறைச்சிட்டை. அந்தச் சிட்டையை எடுத்துப் பார்த்தால் ஆச்சி தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருப்பதுகூடத் தெரியும்.

கைடு விஷயத்தில் கவனம். வினாநிரல், முன்தேர்வு, பின்தேர்வு, டி-சோதனை என்றே பழகியவரிடம் இதைக் கொண்டுபோனால், "மாதிரி அளவு எத்தனைம்மா, கட்டுப்பாட்டுக் குழு எங்கே?" என்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் கற்ற வழி அது. பண்புசார் ஆய்வு, கள ஆய்வு செய்து முடித்த மாணவர் யாராவது அவரிடம் உண்டா என்று ஷோத்கங்காவில் பாருங்கள். இல்லையென்றால் வரலாறு அல்லது மானிடவியலில் இணை நெறியாளர் கேட்டுச் சேருங்கள். ஊரிலேயே இந்து மதாபிமான சங்கம் மாதிரி 1917 முதல் இருக்கிற இடங்களும் உண்டு. கணக்கேடு பார்க்கத் தெரிந்த பெரியவர்களை அங்கே விசாரித்துப் பாருங்கள்.

நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். பார்ட் டைம்ல சேர்ந்தா கைடு மதிப்பாங்களா?

என்ஓசி (தடையில்லாச் சான்று) இருந்தால் சேரலாம். உங்கள் வேலை ஆய்வுக்கு இடம் கொடுக்கும் என்று அலுவலகம் எழுதித்தர வேண்டும். தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. கிடையாது, விளம்பரம் பார்த்து ஏமாறாதீர்கள். எழுத்தறிவில் உங்களுக்கு மற்றவர்களைவிட ஒரு படி மேல். களம் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. உங்கள் மாணவர்களையே ஆய்வுக்கு எடுத்தால் பெற்றோர் ஒப்புதல், பள்ளிக் கல்வித் துறை அனுமதி இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். சனி, ஞாயிறு பார்க்க ஒத்துக்கொள்கிற கைடா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கல்யாணமாகி வேற ஊருக்குப் போயிட்டா? குழந்தை பிறந்தா?

திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் ஊர் மாறினால், ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் அதுவரை நடந்த வேலைக்கான உரிய பெயரைக் கொடுக்க வேண்டும். பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 240 நாள் வரை. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம், சாதாரணமாக 6 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபதிவில் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்குமேல் 2, ஆக 10 வருஷம் வரை. "கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து சேரு" என்று சொல்கிற கைடும் உண்டு, பெற்றோரும் உண்டு. இரண்டு பேருக்கும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கைடு ரிடையர் ஆகப்போறாரு. சேரலாமா?

ஓய்வுக்கு 3 வருஷத்துக்குக் குறைவாக இருக்கிறவர் புது ஆளை எடுக்கவே கூடாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களை ஓய்வு பெறும் வரை நடத்தலாம், அதன் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராக இருக்கலாம். ஆகவே உங்களைப் பதிவு செய்தவர் போய்விட்டால் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள். துறை இன்னொருவரை நெறியாளராகப் போடும். அந்த இன்னொருவர் யார் என்பதைப் பழைய கைடு இருக்கும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கைடுக்கு எவ்வளவு செலவாகும்னு வெளிப்படையா சொல்லுங்க.

பூஜ்யம். கட்டணம் எல்லாம் பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான், ரசீதோடு. வைவா அன்றைக்குத் தேர்வாளரை ஊர் சுற்றிக்காட்டுவது, ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை வாங்கித்தருவது எல்லாம் ஆய்வாளர் தலையில் விழுகிறது என்று கேள்விப்படுகிறேன். எந்த விதியிலும் இல்லை. கைடே எழுதித்தருவார், ஆள் வைத்து எழுதித்தருவார் என்று யாராவது பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். 2018-ல் வந்த யுஜிசி எழுத்துத் திருட்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்த வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இரவல் எழுத்தில் இதுதான் முதலில் மாட்டும்.

அத்தியாயம் கொடுத்து மாசக்கணக்காச்சு. படிக்கவே மாட்டேங்கிறாரு. கைடை மாத்தலாமா?

மாற்றலாம், ஆனால் அது கடைசி. முதலில் அவருக்கு மின்னஞ்சலில், தேதியோடு, எந்த இரண்டு விஷயத்தில் கருத்து வேண்டும் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். நூறு பக்கத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, பன்னிரண்டு பக்கம் கொடுத்தால் சீக்கிரம் திரும்பும். அப்புறமும் வராவிட்டால், முன்னால் சொன்ன ஆலோசனைக் குழுவின் செமஸ்டர் கூட்டத்தில் "அத்தியாயம் இந்தத் தேதியில் சமர்ப்பித்தேன்" என்று அறிக்கையில் எழுதுங்கள். குறை சொல்ல வேண்டாம், தேதி போதும். குழுவில் இருக்கிற மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தொந்தரவு வேறு மாதிரி என்றால் காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வா, இரவில் போன் பண்ணு என்று தொடங்கினாலே உள் புகார்க் குழுவுக்கு எழுதலாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் அது இருக்க வேண்டும் என்பது 2015 யுஜிசி விதி. ஆய்வாளர்களுக்கும் அது பொருந்தும்.

கட்டுரையில கைடு பேரை முதல்ல போடச் சொல்றாரு. போடணுமா?

ஆய்வை நீங்கள் செய்து, நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் பெயர்தான் முதலில். வேலை செய்த கைடு பெயர் இரண்டாவதாக வருவது நியாயம். எதுவும் செய்யாதவர் பெயர் எங்கேயும் வரக்கூடாது. கோர்ஸ் வொர்க்கில் வருகிற ஆய்வு அறத் தாளே இதைத்தான் சொல்கிறது. 2022 விதியில் ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற தேசியக் கட்டாயம் நீங்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பஞ்சாயத்தே பாதி குறைந்துவிடும்.

ஒரு தேர்வாளர் நல்லா இருக்குன்னு எழுதி, இன்னொருத்தர் நிராகரிச்சுட்டா கைடால ஏதாச்சும் செய்ய முடியுமா?

கைடால் அந்த முடிவை மாற்ற முடியாது. பட்டியலிலிருந்து மூன்றாவது தேர்வாளருக்கு அனுப்புவார்கள். அவரும் மறுத்தால் ஆய்வேடு தள்ளுபடி. கைடு செய்யக்கூடியது அதற்கு முன்னால்தான் இருக்கிறது, தேர்வாளர் பட்டியல் தயாரிக்கும்போது. தமிழ் வாசிப்பு பற்றிய ஆய்வை, தமிழ் எழுத்தே தெரியாத கல்வியியல் பேராசிரியருக்கு அனுப்பினால் 'கொக்கு' கதையெல்லாம் அவருக்குப் புரியாது. ஆகவே சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கும்போது, எந்த வகை நிபுணர் இதைப் படிக்க வேண்டும் என்று கைடிடம் பேசுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. மொழியியல் தெரிந்தவர், தொடக்கக் கல்வி தெரிந்தவர் என்று வகையைச் சொல்லலாம்.